முற்றத்துத் தேயிலை

தோட்டத் தேயிலையை அழித்துத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுத்த காணியில் வீடு கட்டியபோது, முற்றத்தில் ஒரு செடியை மட்டும் விட்டுவைத்தேன். குளவி கொட்டி அம்மா செத்து விழுந்தது அதன் அடியில்தான்.

முற்றத்தில் தேயிலை நிற்கக் கூடாதென்று வீடமைப்புச் சங்கம் மூன்று கடிதம் போட்டது. மூன்றையும் அடுப்பில் போட்டேன்.

போன வாரம் சங்கத் தலைவியே செடியைக் கெல்லியெடுக்க அலவாங்கோடு வந்துவிட்டார். அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்.

"இது தோட்டமில்ல, வீடு. புடுங்கிப் போடு."

"என் காணி! தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற!"

அவர் அலவாங்கைச் சாத்திவிட்டு, செடியைப் பார்த்தபடியே நின்றார். அவருடைய விரல்கள் தாமாகக் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறியத் தொடங்கின. முதுகில் கூடை இல்லை.

இருவரும் திரும்பிப் பார்த்தோம். தரையில் ஒரு கொழுந்துகூடக் கிடக்கவில்லை.