ஜானு மாமி கை அதிரசம்

வாசலில் அதிரசத் தூக்குவாளியை இறக்கி வைக்கும் முன்பே இசக்கியம்மாள் முந்திக்கொள்வாள். “ஜானு மாமி செஞ்சதும்மா. நான் சும்மா சுமந்துட்டு வாரவதான்.”

ஜானு மாமி என்று ஒருத்தி கிடையாது. சைதாப்பேட்டையில் ஓர் ஒற்றை அறைக்குள் பாகு காய்ச்சி, மாவு கிளறி, எண்ணெய்ச் சட்டி முன்னால் இடுப்பொடிய உட்காருகிறவள் இசக்கியம்மாளேதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் தியாகராய நகர் துணிக்கடையில் ஆள் குறைத்தார்கள். புருஷன் கனகராஜ் வீட்டோடு முடங்கினான். இவள் தூக்கோடு கிளம்பி மயிலாப்பூர் மாடவீதிகளில் ஏறி இறங்கினாள். மணம் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள், ஆசையாக எட்டிப் பார்ப்பார்கள், “யார் பண்ணினது?” என்பார்கள். அந்தக் கேள்விக்காகவே பிறந்தவள்போல இவள் நெஞ்சை நிமிர்த்துவாள். “நான்தாம்மா. எங்கையால செஞ்சேன்!” நீண்ட கை அப்படியே உள்ளே போய்விடும். “எங்காத்துல வெளியில வாங்கற வழக்கமில்லை.”

பாவி மகள், குற்றம் பண்டத்தில் என்று நினைத்தாள். வெல்லத்தை மாற்றினாள். ஏலக்காயைக் கூட்டினாள். கடன் வாங்கி நெய்யிலும் சுட்டுப் பார்த்தாள். மூன்று வாரமும் தூக்கு நிறைந்தபடியே வீடு திரும்பியது.

கடைசியில் உண்மையைச் சொன்னவள் அந்தத் தெருவில் பாத்திரம் தேய்க்கும் வேம்பு. இவள் கொடுத்த அதிரசத்தை நின்ற நிலையில் தின்று முடித்து விரலை நக்கிக்கொண்டாள். “இன்னாமே, பண்டம் சோக்காத்தான் கீது. யாரு செஞ்சதுன்னா உன் பேரையே சொல்லிக்கினு நிக்கிறியே! ஐயரூட்டு மாமி செஞ்சதுன்னு சொல்லிப் பாரு.”

மறுநாள் ஜானு மாமி பிறந்தாள். பிறக்கும்போதே ஐம்பது வயது, கல்லிடைக்குறிச்சி, குளிக்காமல் அடுப்படிக்குப் போகாத மடி. முழங்கால் வலி என்பதால் மாமி வெளியே வருவதில்லை. அன்று தூக்கு காலியானது.

கனகராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். “ஏட்டி, செஞ்சவ நீ. பேரு எவளுக்கோவா?”

“எம் பேரச் சொன்னா யாரு வாங்குதா? நீங்களும் பாத்தியள்லா.”

சொல்லிவிட்டாளே தவிர, ஆறவில்லை. வெல்லம் தூக்கல், ஓரம் முறுகல் என்று குறை சொல்வார்கள், அது வலிக்காது. “மாமி கைமணம் யாருக்கு வரும்!” என்று சொக்கிப்போவார்கள் பாருங்கள், அப்போதுதான் வயிறு எரியும். எரிச்சலை விழுங்கிக்கொண்டு, “மாமிகிட்ட சொல்லுதேம்மா” என்பாள்.

இந்த நவராத்திரிக்குத் தெற்கு மாடவீதி சூடாமணி அம்மாள் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நல்லதாக ஒரு ரவிக்கைத் துண்டு எல்லாம் எடுத்து வந்தாள். “ஜானு மாமிக்கு நான் கொடுத்தேன்னு சொல்லு. வழியில எங்கேயும் கீழே வச்சுடாதே.”

வாங்க இரண்டு கைகளையும் நீட்டினாள் இசக்கியம்மாள். வலது மணிக்கட்டில் அன்று காலை எண்ணெய் தெறித்த கொப்புளங்கள்.

“அதென்னடி கையில? பட்சணம் சுட்டவ கை மாதிரின்னா இருக்கு!”

“சோறு வடிக்கையில கஞ்சி கொட்டிட்டும்மா.”

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் முந்தானைக்கு அடியில் மறைத்து, அந்த முந்தானையையே ஏந்தினாள். சூடாமணி அம்மாள் எட்ட நின்று, ஒவ்வொன்றாக அதில் போட்டாள்.