முனிக்கு வைத்த பாட்டில்

அண்ணன் குடியை நிறுத்தினால் முனியாண்டிக்கு ஒரு பாட்டில் சம்சு சாராயம் வைப்பதாக அண்ணி வேண்டிக்கொண்டிருந்தார். அண்ணன் நிறுத்தினார். ஈப்போவில் மருத்துவரின் மாத்திரை, வாராவாரம் ஆலோசனை, போக வர என் கார். நல்ல பெயர் முனிக்கு.

சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டம் இப்போது செம்பனைக் காடு. ரப்பர் மரமும் லயத்து வீடுகளும் போய், முனி மட்டும் அரிவாளோடு நிற்கிறார். படையல் அங்கேதான். யாருக்காக வேண்டினார்களோ, அவர் கையாலேயே ஊற்ற வேண்டும்.

நான் நாலு புத்தகம் படித்தவன். சும்மா இருக்க முடியுமா? அண்ணியிடம் விளக்கினேன். குடித்தால்தான் ஆபத்து என்பதில்லை. மூடி திருகும் சத்தமும் வாடையும் போதும், மூளை பந்திக்கு இலை போட்டு உட்கார்ந்துவிடும். பிடிக்காமல் போன பிறகும் வேண்டும் வேண்டும் என்று கேட்பதுதான் இந்த நோய். பாலை ஊற்றட்டும், முனி ஒன்றும் கோபிக்க மாட்டார் என்றேன்.

“சாமிக்குத்தானே ஊத்துறோம், அவருக்கா ஊத்துறோம்?” என்றார் அண்ணி.

அண்ணனும் அண்ணி கட்சி. “உன் மூளைக்கும் ஒரு படையல் போட்டுருவோம்லா, பேசாம வண்டிய எடு,” என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன். பாட்டிலை வாங்கி வந்தவனும் நான்தான்.

முனி முன்னால் மூடியைத் திறக்கும்போது அண்ணனுக்குக் கை நடுங்கியது. பூசாரி அதை பக்தி என்றார்.

திரும்பும் வழியில் அண்ணி பின் சீட்டில் நிம்மதியாகத் தூங்கினார். அண்ணன் கன்னத்தில் கை வைத்தபடி வந்தார். வீட்டு வாசலில்தான் கவனித்தேன். விரல்கள் மூக்கடியில் இருந்தன. கையைக் கழுவுங்கள் அண்ணே என்றேன்.

“அங்கேயே கழுவிட்டேன்டா,” என்றார்.

மறுநாள் காலை கோப்பி குடிக்கப் போனவரை, சாயங்காலம் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்திலிருந்து தூக்கி வந்தேன்.

மருத்துவர் திட்டவில்லை. சறுக்குவது இந்த நோயில் சகஜம், மறுபடி தொடங்கலாம், அந்த வாடைப் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்றார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காரில் ஏறியதும் சொன்னார்:

“போன தடவ பாட்டில் சின்னது, தம்பி. முனிக்குப் பத்தல. இவரு திரும்ப நிறுத்தட்டும், பெரிய பாட்டிலா வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்.”

நான் பக்கத்தில் பார்த்தேன். அண்ணன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.