மெஷின் தாண்டிப்போன கழனி

போன வாரம் ஒரு காலை. லட்சுமி அக்கா மூச்சு வாங்க என் வீட்டு வாசலில் வந்து நின்றார். குத்தகை நிலத்தில் நெல் போட்டிருப்பவர். கதிர் முற்றிவிட்டது.

"இன்னா சார், பாயி மெஷினு என் கயனிய தாண்டிப் போய்க்கினே கீது? வானத்த பாத்தியா?"

பார்த்தேன். கறுத்திருந்தது.

உத்திரமேரூரில் காதர் பாய்க்கு உதிரிபாகக் கடை. கூடவே ஓர் அறுப்பு மெஷின். அடுத்து யார் கழனி என்று டிரைவர் தனசேகரின் போனில் காட்டும் புரோகிராமை எழுதியவன் நான். தனசேகரைப் போனில் கூப்பிட்டேன்.

"போன்ல மணி பேரு தான் சார் வந்துச்சு. நான் இன்னா பண்ண?"

அக்கா பக்கத்திலிருந்தே கத்தினார். "அந்த போனு தான் வந்து நாத்து நட்டுச்சாடா?"

நடந்தது இதுதான். வரிசையில் கணேசன், லட்சுமி, மணி. முடிந்த பெயர் திரையில் வேண்டாம் என்று பாய் கேட்டதால், முந்தின நாள்தான் ஒரு திருத்தம் செய்திருந்தேன். கணேசன் கழனி முடிந்தது, பெயர் அழிந்தது. இரண்டாவதாக இருந்த லட்சுமி முதல் இடத்துக்கு நகர்ந்தார். புரோகிராமோ, 'ஒன்று முடிந்தது, இனி இரண்டு' என்று போனது. இரண்டில் நின்றவர் மணி!

ஒரே லிஸ்ட்டை அழித்து அழித்துத் திருத்துவது இம்பெரேட்டிவ் புரோகிராமிங்கின் பழக்கம். வேகம், சிக்கனம் — எல்லாம் உண்டு. ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே லிஸ்ட் நகர்ந்துவிடும்.

அக்கா கழனிக்கு மெஷின் திரும்பி வந்தது. பாதிக் கழனிதான் முடிந்தது... மீதி மழையில் சாய்ந்தது.

அன்றே மாற்றினேன். ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் ஒரு முறை போட்ட லிஸ்ட்டை யாரும் தொட முடியாது. மாற்றம் வேண்டுமா? புதிதாக இன்னொன்று. தனசேகர் காலையில் எடுத்த லிஸ்ட் நாள் முழுக்க அப்படியே இருக்கும்.

சேறு காய்ந்து மெஷின் இறங்கிய முதல் நாளே பாய் கடைக்குக் கூப்பிட்டார்.

"இன்னா சார் பேஜாரு? ஏழுமலை இன்னிக்கி வேணாம்னாரு, பேர எட்த்துட்டேன். இவன் பழைய லிஸ்ட்ட வச்சிக்கினு அங்க போய் நிக்கிறான். டீசலு யாரு குடுப்பா? முன்ன இருந்ததையே போடு சார்."

நியாயம்தானே? முந்தைய வழியில் ஓர் ஆள் விடுபடலாம். புது வழியில் ஒரு நடை வீணாகலாம். எதை வைப்பது?

மீதிக் கழனிக்காகக் கடையில் காத்திருந்த அக்கா குறுக்கே வந்தார்.

"டீசலு போனா பங்க்ல வாங்கிக்கலாம் பாய். என் நெல்ல எந்த பங்க்ல வாங்குவே?"

பாய் என் பக்கம் திரும்பினார்.

"புதுசே இருக்கட்டும். ஒவ்வொரு கயனி முடிஞ்சதும் அவன் புது லிஸ்ட் எடுத்துக்கட்டும். அக்கா பேர மொதல்ல போடு சார்."

இந்த வகை லிஸ்ட்டில் அது மிகச் சுலபம். பழைய வரிசையை அப்படியே விட்டு, முன்னால் ஒரு பெயரைக் கோத்தால் போதும். யாரையும் நகர்த்த வேண்டாம்.

யாரும் நகராதது புரோகிராமில்தான். ஊரில் மற்ற எல்லாரும் மெஷினுக்காக இன்னும் ஒரு மணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்!