காளான் ஜாடியின் பழைய லேபிள்

சுடலைமுத்து சாரின் மகள் ரேவதி போன் செய்தபோது நான் இரண்டு நாள் லீவில் பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் அண்ணன் வீட்டில் இருந்தேன். தோப்பில் மாங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றதால் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். "அப்பா போயிட்டாக டீச்சர்" என்றாள் இரண்டாம் முறை. காலையில் பள்ளிக்கு ஏறி வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஜீப் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

சுடலைமுத்து சாரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர்களான நீங்கள் கேட்டீர்கள். அவரோடு பதினெட்டு வருடம் ஒரே லேப் அறையில் உட்கார்ந்தவள் நான்தான், அது சரி. ஆனால் எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மூணாறுக்கு மேலே உள்ள நம் பள்ளியில் நான் விலங்கியல், நிரந்தரப் பணி. அவர் தாவரவியல், கெஸ்ட் டீச்சர். ஒவ்வொரு மார்ச்சிலும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு ஜூனிலும் முன்பின் அறியாதவரைப் போல இன்டர்வியூ வைத்து எடுப்பார்கள். "ஏனுங்க சார், இந்த வருசமும் புதுசாத்தான் சேந்திருக்கீங்களா?" என்று எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைத் தமிழில் சீண்டுவேன். "ஆமா டீச்சர், புதுப் பையன். கொஞ்சம் பாத்து நடத்துங்க" என்பார். முதல் ஐந்தாறு வருடம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

உயிரினங்களை வகைப்படுத்தும் பாடத்தை அவர் நடத்தியதை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் நாள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்வார். தேயிலைக் கொழுந்து, அட்டை, பாசி, பூசணம் பிடித்த ரொட்டி, மாட்டுப்பட்டி பண்ணையிலிருந்து உறை ஊற்றிய தயிர் என்று மேசை நிறைந்துவிடும். தாவரம் இந்தப் பக்கம், விலங்கு அந்தப் பக்கம் என்று பிரிக்கச் சொல்வார். எல்லா வருடமும் எல்லாப் பிள்ளைகளும் காளானைத் தாவரத்தோடு வைத்தார்கள். "அதுக்குப் பச்சையம் இருக்கா? சொந்தமாச் சமைக்குமா?" என்று கேட்பார். "அடுத்தவன் சமைச்சதத் திங்குற கூட்டம்டா அது, நம்மள மாதிரி. செடி கூடச் சேத்தா செடி கோவிச்சுக்கிடும்." பிறகு தயிரைக் காட்டுவார். அதில் இருக்கும் பாக்டீரியாவுக்குத் தனி இடம். பாசிக்கும் பூசணத்துக்கும் இடம் தேடித் தேடி, மணி அடிப்பதற்குள் இரண்டு குவியல் ஐந்து குவியலாகியிருக்கும். ஐந்துலக வகைப்பாடு என்று அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதுவார்.

யூக்ளினாவை மட்டும் கடைசிக்கு வைத்திருப்பார். வெயிலில் இருந்தால் செடியைப் போல உணவு தயாரிக்கும், இருட்டில் விட்டால் விலங்கைப் போல வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். தாவரவியல்காரர்கள் தங்களுடையது என்றார்கள், விலங்கியல்காரர்களும் அதையே சொன்னார்கள். ஒருநாள் வகுப்பு முடிந்து லேபுக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: "அது குடுத்து வச்சது டீச்சர். ரெண்டு பேரும் எனக்கு எனக்குங்கான். நம்மள ரெண்டு பேரும் எனக்கு வேண்டாங்கான்."

அவர் சொன்னது சாதிச் சான்றிதழைப் பற்றி. நிரந்தர வேலைக்கான தேர்வில் அவர் இரண்டு முறை தேறினார். இரண்டு முறையும் சான்றிதழ் இல்லாமல் தேர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. இங்கே தாலுகா ஆபீசில் கேட்டால், உங்கள் தாத்தா காலத்திலேயே இந்த மண்ணில் குடியிருந்ததற்கு ஆண்டோடு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். எஸ்டேட்டின் பழைய பேரேடுகளைக் கரையான் தின்று தலைமுறையாகிறது. தாத்தா கிளம்பி வந்த தென்காசிப் பக்கத்து ஊருக்குப் போய்க் கேட்டால், நீங்கள் மலையாளத்து ஆள், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மலையில் பிறந்து, மலையில் படித்து, மலையில் பாடம் சொல்லும் மனிதர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

வேறு ஊருக்குப் போய்ப் பிழைக்கலாமே என்று நானும் கேட்டிருக்கிறேன், கீழே பாலக்காட்டில் டியூஷன் சென்டர்கள் அவரைக் கொத்திக்கொண்டு போயிருக்கும். ஆனால் குடியிருப்பது எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு. வீட்டில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலை செய்தால்தான் வீடு. அவர் மனைவி கொழுந்து எடுத்தார், அதனால் கூரை இருந்தது. வயதான அப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? "மேல ஏறவும் வழியில்ல, கீழ எறங்கவும் வழியில்ல. பாறையில ஏறுன ஆடு மாதிரி நிக்கேன்" என்றார் ஒருமுறை. அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் கோபம் கோபமாக வரும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், லேபுக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. பொறுப்பு என்னுடையது. பூட்டிக் கிடந்த மர அலமாரியைத் திறந்தால், பழங்காலத்து ஜாடிகள். எல்லாவற்றிலும் கையால் எழுதிய லேபிள். காளான்களை எல்லாம் தாவரம் என்று போட்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சார் வேறு பள்ளிக்குத் தேர்வுப் பணிக்குப் போயிருந்த வாரம் அது. வெந்நீரில் ஜாடிகளை ஊறவைத்து, லேபிள்களைப் பிளேடால் சுரண்டி எடுத்து, குப்பையோடு எரித்துவிட்டேன். ஐந்து உலகத்துக்கும் ஐந்து தட்டு ஒதுக்கி, அச்சடித்த புது லேபிள் ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தவர் காளான்களுக்குத் தனித் தட்டு கிடைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு, "பழைய லேபிள் எங்க டீச்சர்?" என்றார்.

"அந்தக் குப்ப எதுக்குங்க சார்? அத்தனையும் தப்பு."

"தப்பா இருந்தாலும் கிழிக்கக் கூடாது டீச்சர். வகைய நாம மாத்திக்கிட்டே இருப்போம். யாரு, எங்க, எப்ப எடுத்தாங்கங்கிறது மாறாதுல்ல? புதுச பக்கத்துல ஒட்டணும்."

நேற்று வந்த கெஸ்ட் டீச்சர் எனக்குப் பாடம் சொல்வதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சொன்னது துறையின் அரிச்சுவடி. எனக்கும் தெரிந்ததுதான், அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

பல வருடம் கழித்து அவருடைய அப்பா படுக்கையில் விழுந்தார். சாவதற்குச் சில நாள் முன்பு மகனிடம் ஒரு செய்தி சொன்னார். தாத்தா காட்டில் பெரிய மரக்காளான் ஒன்றை வெட்டிக்கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் கொடுத்தாராம். அதை ஜாடியில் போட்டு அவர் பெயரையும் எழுதி வைத்தார்களாம். தாத்தாவின் பெயர் இந்த மலையில் மையால் எழுதப்பட்டது அந்த ஒரு இடத்தில்தான். மறுநாள் காலை சார் லேபுக்குள் வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நேராகப் பூஞ்சைத் தட்டுக்குப் போய் அந்த ஜாடியை எடுத்தார். அதில் என் அச்சு லேபிள் பளபளத்தது.

"இதுல பழசுல பேரு ஏதாவது இருந்துச்சா டீச்சர்?"

இருந்தது. கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் சுரண்டுவதற்கு முன் நின்று படித்திருந்தேன். "மாடசாமின்னு இருந்துச்சுங்க. மேல் டிவிஷன், ஏழாம் லயம்" என்றேன். ஆண்டைச் சொல்ல வாயெடுத்தேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எங்க தாத்தா டீச்சர். அத அப்படியே ஒரு தாளுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பழைய ரெக்கார்டப் பாத்தவுங்க எழுதிக் குடுத்தா விசாரணைக்கு எடுத்துக்கிடுதோம்னு தாலுகா ஆபீசுல சொல்லியிருக்காங்க. நீங்க பெர்மனன்ட், உங்க எழுத்து நிக்கும்."

அந்த மாதம்தான் எனக்குப் பிரின்சிபால் பதவி உயர்வுக்கான ஃபைல் மேலே போயிருந்தது. பள்ளியின் ஸ்டாக்கில் இருந்த பழைய பதிவுகளை யாரையும் கேட்காமல் நானே அழித்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவும் மனதில் ஓடிவிட்டது.

"வருசம் சரியா ஞாபகம் இல்லீங்க சார்" என்றேன்.

பொய். ஆண்டு என் கண்முன்னால் நின்றது, நான்கு எண்களும்.

"வருஷம் இல்லாட்டி அது வெறும் பேருதான்" என்றார். ஜாடியைத் தட்டில் திருப்பி வைத்தார். "சரி விடுங்க டீச்சர். தெரியாதத எழுதக் கூடாது. என்னைக்காவது ஞாபகம் வந்தாச் சொல்லுங்க." என்னை நம்பினார். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு ஜூனிலும் அவர் இன்டர்வியூ வரிசையில் நிற்பதை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பதவி உயர்வும் கடைசியில் எனக்கு வரவில்லை, வேறொருவருக்குப் போயிற்று. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வந்து வாயை அடைத்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மலையேறினேன். அவர் மனைவி ஐந்தாம் நாளே கொழுந்துக்குப் போய்விட்டாராம். வீடு கைவிட்டுப் போகாமல் இருக்க வேறு வழியில்லை. ரேவதி பன்னிரண்டாம் வகுப்பு. நர்சிங் சேர விண்ணப்பிக்க வேண்டும், அதிலும் அதே சான்றிதழ் கேட்கிறார்கள். அவளைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எரித்ததையும் சொன்னேன், பொய்யையும் சொன்னேன். உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

பெயரை எழுதினேன். டிவிஷன், லயம் எழுதினேன். மை என்ன நிறம், தாள் எப்படிப் பழுத்திருந்தது என்பதுகூட வந்தது. ஆண்டு என்று எழுதியதும் கை நின்றது. நான்கு எண்களில் ஒன்றுகூட வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். ஏதாவது ஓர் ஆண்டைப் போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். "நெசமாவே தெரியலையா டீச்சர்?" என்றாள். தலையாட்டினேன். "அப்ப எழுதாதீங்க" என்று தாளை மடித்து வாங்கிக்கொண்டாள்.

எனக்கு முன்பே அந்த லேபில் படித்தவர்கள், அலமாரி பூட்டப்படுவதற்கு முன்னால் அந்த ஜாடியைப் பார்த்தவர்கள், உங்கள் வீட்டில், லயத்தில் யாராவது இருந்தால் ரேவதிக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சுடலைமுத்து சாருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு பெயர், ஒரு டிவிஷன், ஒரு லயம். ஆண்டு என்னிடம் இல்லை. அவர் கேட்ட அன்றைக்கு இருந்தது.