முப்பதாம் இலக்க வில்லை

பலெர்மோவின் மொண்டெல்லோக் கடலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கரைக்குத் திரும்பிவிடுகிறவள் நான். அப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டுபோய் நோர்வேயின் வடக்குக் கரையில் சின்னக் கப்பலொன்றில் ஏற்றியவர் என் சினோரா, நான் வேலை பார்க்கும் வீட்டு அம்மா. எண்பத்திரண்டு வயது. வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருக்கிறார், ஏழு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். நாற்பது வருடம் கரும்பலகையில் பனியாறு வரைந்து காட்டியிருக்கிறார், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. "சாகிறதுக்கு முந்திப் பார்க்கவேண்டும், நீயும் வருகிறாய்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

மிலானோவில் இருக்கும் மகனுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. எனக்கும்தான், ஆனால் என்னை யார் கேட்டார்கள்? என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த மகன். ஒப்பந்தம் இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கலாம், பெர்மெஸ்ஸோ இருந்தால்தான் இத்தாலியில் இருக்கலாம். கடைசியில் அவர் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு அம்மாவின் படம் ஒன்றை அனுப்பவேண்டும். "அம்மாவுக்கு ஏதாவது நடந்தால் உங்களிடம்தான் கேட்பேன்" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

கப்பலில் ஐம்பது பயணிகள். கரைக்குப் போக ரப்பர் படகு. படகில் இறங்கும் வாசலில் ஒரு பலகை, அதில் ஆளுக்கொரு வட்ட வில்லை. கரைக்குப் போகும்போது சிவப்புப் பக்கத்தைத் திருப்பவேண்டும், திரும்பி வந்ததும் பச்சை. எல்லாம் பச்சையாக இருந்தால்தான் கப்பல் நங்கூரம் தூக்கும். சினோராவுடையது முப்பது, என்னுடையது முப்பத்தொன்று. "அவரவர் வில்லையை அவரவரே திருப்பவேண்டும்" என்று வழிகாட்டிப் பெண் முதல்நாளே மூன்று மொழியில் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

ஆனால் சினோராவின் விரல்கள் வாதத்தில் வளைந்தவை. அந்தச் சின்ன வில்லையைப் பிடித்துத் திருப்ப அவருக்கு ஒரு யுகம் வேண்டும், பின்னால் நனைந்த சப்பாத்துகளோடு சனம் காத்துக்கொண்டு நிற்கும். அவருடைய சட்டைக்குப் பொத்தான் போடுவது நான், மாத்திரை பிரித்துக் கொடுப்பது நான். இரண்டாம் நாளே என் கை தானாக இரண்டு வில்லையையும் திருப்பத் தொடங்கிவிட்டது. சினோராவும் விட்டுவிட்டார். வசதியாக இருந்ததென்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் பனியாற்றுக்கு முன்னால் போய் நின்றோம். மலையுச்சியிலிருந்து நீலமும் அழுக்கு வெள்ளையுமாக இறங்கி, கடலுக்கு மேலே ஒரு பாறை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் மிதந்த பனிக்கட்டிகளில் கடல்நாய்கள் படுத்திருந்தன. சினோரா அழுதுகொண்டே எனக்குப் பாடம் எடுத்தார், எங்கே வெடிப்பு, எங்கே மண் சுமந்துவருகிறது என்று. அப்போது மேலே ஒரு துண்டு முறிந்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கப்பல் தளத்தில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தேன். வன்னியில் போரின் கடைசி மாதங்களில் காது பழகிய சத்தம் அது, உடம்பு என்னைக் கேட்காமலே கீழே போய்விட்டது. சினோரா குனிய முடியாமல் குனிந்து என் முதுகைத் தடவினார். யார் யாரைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிவந்தது என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் ஒரு மீன்பிடிக் கிராமம். முப்பது நாற்பது வீடு, ஒரு தேவாலயம், ஒரு மீன் தொழிற்சாலை. மர மேடைகளில் ஆயிரக்கணக்கில் மீன் காயப்போட்டிருந்தார்கள். படகை விட்டு இறங்கியதுமே மூக்கு கண்டுபிடித்துவிட்டது: கருவாடு. சினோரா தேவாலயத்து வாங்கில் உட்கார்ந்து, "நீ போய் நடந்துவிட்டு வா, நான் ஒன்றும் குழந்தையில்லை" என்று விரட்டினார்.

தொழிற்சாலை வாசலில் நீலச் சட்டையும் றப்பர் பூட்சுமாக ஒரு பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, தமிழோ?"

நான் கிட்டப் போனேன். "ஓம் அக்கா. நீங்கள் இஞ்சை எப்பிடி?"

"நான் வந்து முப்பது வருசம். இஞ்சை மீன் வெட்டிறதிலை பாதி எங்கடை சனம்தான் இருந்தது, இப்ப பிள்ளையள் படிச்சு ஒஸ்லோப் பக்கம் போட்டுதுகள். நீர் எவடம்?"

"கிளிநொச்சி. இப்ப இத்தாலியிலை, ஒரு சினோராவைப் பாக்கிறன்."

"உள்ளை வாரும், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

"கப்பல் விட்டிட்டுப் போடும் அக்கா" என்று சொல்லிக்கொண்டே அரை மணித்தியாலம் கதைத்தேன். தொலைபேசி இலக்கம் மாற்றிக்கொண்டோம். வழிகாட்டியின் விசில் கேட்டதும் ஓடினேன். வாங்கு வெறுமையாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு தம்பதி, அவர் படகுத்துறைப் பக்கம் போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை விட்டுவிட்டு முதல் படகில் போய்விட்டார், வேண்டுமென்றே, பிந்தியதற்குத் தண்டனையாக. கடைசிப் படகில் முணுமுணுத்துக்கொண்டு போனேன். பலகையில் முப்பதாம் இலக்கம் இன்னும் சிவப்பாக இருந்தது. பார், இதையும் எனக்கென்று விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்து, இரண்டையும் பச்சையாக்கினேன்.

கோபத்தில் நேரே போய்க் குளித்து, ஈர உடுப்புகளைக் காயப்போட்டேன். கப்பல் புறப்பட்ட அதிர்வு காலில் தெரிந்தது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் படம் எடுக்க அவருடைய அறைக்குப் போனேன். கட்டில் விரித்தபடியே இருந்தது, குளிருக்குப் போடும் கோட்டைக் காணவில்லை. சாப்பாட்டு அறையில் இல்லை. மேல்தளத்தில் இல்லை.

வழிகாட்டியிடம் ஓடினேன். அவள் பலகையைப் பார்த்தாள். "முப்பது பச்சை. கப்பலில்தான் இருக்கிறார், பயப்படாதீர்கள், வாருங்கள் தேடுவோம்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. அவளோடு சேர்ந்து தேடினேன். நூலக அறை, கழிப்பறைகள், சமையற்கட்டு. கப்பலுக்குள்ளேயே எங்கேயாவது இருந்துவிடட்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன், கூடவே, நான்தான் திருப்பினேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் கணக்குப் பார்த்தேன். மகன். ஒப்பந்தம். பெர்மெஸ்ஸோ. குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் விரல் அடையாளம் வைக்க வரிசையில் நின்ற விடியல்கள். ஒரு கிழவி குளிரில் தனியாக நிற்கிறாள், நான் என் பெர்மெஸ்ஸோ அட்டையைப் பற்றி நினைக்கிறேன். என்னை நானே காறித் துப்பலாம் போலிருந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை.

கையில் தொலைபேசி அதிர்ந்தது. மகன். "படம்?"

முந்தினநாள் படம் அதிலேயே இருந்தது. அதே சிவப்புத் தொப்பி, அதே கோட்டு. அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? விரல் அதன்மேல் போய்விட்டது.

அப்போதுதான் முகாம் ஞாபகம் வந்தது. போர் முடிந்து எங்களை முள்வேலிக்குள் வைத்திருந்தபோது காலையில் ஆள் கணக்கெடுப்பார்கள். தண்ணீர் வரிசைக்குப் போனவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் கை தூக்குவது எங்கள் வழக்கம், இல்லாவிட்டால் நிவாரணத்தில் வெட்டு விழும். ஒருநாள் பக்கத்துக் கூடாரத்து ஐயாவுக்காக நான் கை தூக்கினேன். அவர் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மயங்கிக் கிடந்தார். பொழுதுபடும் வரை ஒருவரும் தேடவில்லை. பதிவின்படி அவர் கூடாரத்தில் அல்லவா இருந்தார். பிழைத்துக்கொண்டார், அது என் கெட்டித்தனம் இல்லை.

படத்தை அனுப்பவில்லை. வழிகாட்டியின் கையைப் பிடித்து, "நான்தான் திருப்பினேன், அவர் ஏறினதை நான் பார்க்கவில்லை" என்றேன். அவள் முகம் வெளுத்தது. நேரே கப்டனிடம் ஓடினாள். கப்பல் சாய்ந்து திரும்பியதில் மேசைக் கிண்ணங்கள் உருண்டன. நான் அந்த அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, என்ரை சினோராவை அங்கை விட்டிட்டு வந்திட்டன்."

"பதறாதையும். நான் இப்பவே போறன். எவடத்திலை விட்டனீர்?"

அவர் திரும்ப எடுக்கும் வரை பலகைக்கு முன்னாலேயே நின்றேன். துறையில் தனியாக நின்ற சினோராவைக் கண்டுபிடித்துவிட்டாராம். மீன் மேடைகளுக்குப் பின்னால், பெட்டியொன்றின்மேல், சினோரா கண்ணயர்ந்துவிட்டாராம். சின்ன வயதில் தாய் சமைத்த காய்ந்த மீனின் மணம் வந்ததென்று பார்க்கப் போனவர். எழுந்து துறைக்கு வந்தபோது கப்பல் கடல்முனையைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்ததாம். கத்திக் கூப்பிட ஒரு சனம் இல்லையாம்.

தொழிற்சாலைப் படகில் அக்காவே கொண்டுவந்து ஏற்றினார். சினோராவின் உதடு நீலம், ஆனால் மடியில் ஒரு பொட்டலம். "உன் ஆள் எனக்குப் பால் விட்ட தேநீர் தந்தாள், மீனும் தந்தாள்" என்றார். வாசலில் நின்ற எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வழிகாட்டி சிவப்பாக்கி வைத்திருந்த முப்பதாம் இலக்கத்தை வளைந்த விரல்களால் தானே பச்சைக்குத் திருப்பினார். அதற்குப் பிறகு கடைசி நாள்வரை அதைத் தொட என்னை விடவில்லை.

அன்றைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் படம் அனுப்பினேன். பிந்தியதற்குக் காரணத்தை மகனுக்கு சினோராவே தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்ன கதையில் நான்தான் வீராங்கனை. வில்லையைத் திருப்பியது ஒரு சின்னத் தவறு. ஆனால் தவறியதைக் கண்ட மறுகணமே கூச்சல் போட்டுக் கப்பலைத் திருப்பியவள் இவள்.

பலெர்மோவுக்கு வந்த பிறகும் அந்தக் கதை நிற்கவில்லை. ஞாயிறு மத்தியானம் யார் சாப்பிட வந்தாலும் சொல்வார். "ஒரு கணம்கூட யோசிக்கவில்லை!" என்று மேசையில் தட்டுவார். நான் குசினியில் கோப்பி ஊற்றிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட நினைப்பேன், ஒவ்வொரு ஞாயிறும் விழுங்குவேன்.

போன மாதம் மகன் வந்திருந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாள் மேசையில், அவர் கோப்பைக்குப் பக்கத்தில் கவிழ்த்தபடி கிடந்தது. பெர்மெஸ்ஸோ முடிய ஆறு வாரம். சினோரா வழக்கம்போல் தொடங்கினார். "ஒரு கணம்கூட..."

"இல்லை" என்றேன். தட்டைக் கீழே வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் போட்டிருப்பேன். "கால் மணித்தியாலம் யோசித்தேன். எனக்குத் தெரிந்திருந்தும் வழிகாட்டியோடு சேர்ந்து தேடுகிறமாதிரி நடித்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன்."

மகன் கரண்டியை வைத்தார். சினோரா மட்டும் ஆறுதலாகக் கோப்பியை எடுத்துக் குடித்தார்.

"தெரியும்" என்றார். "அந்த வழிகாட்டிப் பெண் அன்றைக்கே சொல்லிவிட்டாள். பிறகு ஏன் ஞாயிறுக்கு ஞாயிறு சொல்கிறேன் என்று நினைத்தாய்? நீ எப்போது மறுப்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் நேரம் எடுத்தாய்."

மகன் தாயை முத்தமிட்டு, எனக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போனார். மேசையில் தாளைக் காணவில்லை. நான் பாத்திரம் கழுவினேன், கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

ஆறு மணிக்குத் தொலைபேசி அதிர்ந்தது. "படம்?"

எடுத்தேன். கை ஆடியதில் சினோராவின் முகம் கலங்கி விழுந்திருந்தது. திருத்தி எடுக்காமல் அப்படியே அனுப்பினேன். பதில் வந்தது: "தாள் மேசை லாச்சிக்குள்."

அந்த இழுப்பறையைத் திறந்தேன். கையெழுத்து இருந்தது. அதைக் காலையில் வரும்போதே போட்டிருந்தாரா, நான் சொன்ன பிறகு போட்டாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப் பயம்.