திரைக்கு முன்னே ஒரே நாற்காலி

மருதையன் பி.ஏ. தேறிய சேதி வந்தபோதே ஓடைமங்கலத்துச் சேரி அவன் வேலையை முடிவு செய்துவிட்டது. வாத்தியார், இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவனோ சென்னைக்குப் போய் மக்கள் தொடர்பு படிக்கப் போவதாகச் சொன்னான்.

"அப்படின்னா?" என்றாள் அவன் தாய் அம்சம். களை பறித்துவிட்டு வந்து, கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கவர்மெண்டு சொல்றத சனங்ககிட்ட கொண்டுபோயி சேக்கறதும்மா."

"தண்டோராவா?"

மருதையன் குடத்தைச் சாய்த்து அவள் காலுக்குத் தண்ணீர் ஊற்றினான்.

"உங்க தாத்தா கழுத்துல தப்ப மாட்டிக்கிட்டுத் தெருத்தெருவா அதத்தானே சொல்லிக்கிட்டுப் போனாரு. அதுக்கு எதுக்குடா மெட்ராசு?"

அந்தத் தப்பைக் கீழே வைப்பதற்காகத்தான் அவள் அவனைப் படிக்க வைத்தாள். சென்னைக்குப் போக அவனுக்கும் ஒரு காரணம் இருந்தது.

அவன் சிறுவனாக இருந்த நாளில், எப்போதாவது அரசின் பிரசார வண்டி ஊருக்கு வரும். கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ஊர் திரைக்கு முன்னால் உட்காரும், சேரி திரைக்குப் பின்னால். யாரும் பிரித்து உட்கார வைப்பதில்லை, அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பிறக்கும்போதே ஒருவனுக்கு இடம் குறித்துவிட்டு, பிறகு அதை ஒழுங்கு என்று பாராட்டுவதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் மந்திரிகள் எல்லோரும் இடக்கையால் கொடி ஏற்றினார்கள், இடக்கையால் சாப்பிட்டார்கள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு கிடந்தன. பள்ளிக்கூடம் போகிற மருதையனாலும் ஒரு வரி படிக்க முடியவில்லை. அந்தத் துணியை எங்கே கட்டுவது என்று முடிவு செய்கிறவர்கள் இடத்துக்குப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்தது.

போய்விட்டான். எழுபதுகளின் நடுவில் அவன் தஞ்சாவூரில் உதவி மக்கள் தொடர்பு அலுவலர். சாதி கேட்ட வீட்டுக்காரர்கள் வீடு காலியில்லை என்றதால் லாட்ஜில் ஒரு அறை. பண்டிகைக்கு ஊருக்குப் போனால், கூட விளையாடியவர்களே எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார்கள். மக்கள் தொடர்பு படித்தவனுக்குப் பேச்சுத் துணையாக மிஞ்சியது ஜீப் ஓட்டுநர் மீரா உசேன் மட்டும். வண்டி ஓட்டுவதும் அவர், படம் ஓட்டுவதும் அவர்.

அந்த ஆண்டு குறுவை அறுவடைக்கு முன், அரசு நிர்ணயித்த அறுப்புக் கூலியைக் கண்ணாடிச் சிலைடில் எழுதி, திரையில் காட்டிக் கிராமங்களில் அறிவிக்கும் வேலை வந்தது. ஓடைமங்கலத்தில் மறுநாள் அரிவாள் வைக்கிறார்கள். வயலில் இறங்குமுன் தெரிந்தால்தான் வாய் திறந்து கேட்க முடியும். மருதையன் ஜீப்பை நேரே சேரிக்கு விடச் சொன்னான்.

மிராசுதார் தியாகராசன் வழியிலேயே நிறுத்தினார். ஊராட்சித் தலைவர்; ஆளுங்கட்சித் துண்டு போட்டு, மேடைக்கு மேடை சாதியை ஒழிப்பவர்.

"தெரை கோயில் திடல்லதான தம்பி கட்டுறது?"

"கூலி வாங்கறவங்க சேரியிலதாங்க இருக்காங்க."

"நான் எதுவும் சொல்லல. நாங்க அங்க வந்து உக்கார்றது சரிப்படாது, பாருங்க. நீங்க நடத்துங்க." சிரித்துக்கொண்டே போனார்.

வாய்க்கால் ஓரத்து இரண்டு பூவரச மரங்களுக்கு இடையே துணியைக் கட்டினார்கள். சேரியைப் பார்த்த பக்கம் பெருக்கிய தரை. பின்பக்கம் வாய்க்கால் சேறு. மருதையன் தன் நாற்காலியை முன்னால் போட்டு மைக்கில் எல்லோரையும் அழைத்தான். பொழுது சாய்ந்ததும் சனம் வந்தது. வந்து, பெருக்கிய தரையைச் சுற்றிக்கொண்டு போய், திரைக்குப் பின்னால் சேற்றில் வைக்கோலைப் போட்டு உட்கார்ந்தது. அம்சமும் அங்கேதான் உட்கார்ந்தாள்.

அவன் ஓடினான். "முன்னால வாங்க. இது நம்ம தெரு."

"ஊர்க்காரங்க வந்தா உக்கார எடம் வேணாமா தம்பி?" என்றார் கோவிந்தராசு, அவனுக்குப் பெரியப்பா முறை.

"அவங்க வரமாட்டாங்க பெரியப்பா."

"வந்துட்டா? நாளைக்கு அறுப்பு அவங்க வயல்லதானே."

அம்சம் தலை நிமிராமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நீ போயி உன் வேலையப் பாருப்பா. எங்களுக்கு இங்கயே தெரியும்."

அவன் திரும்பி வந்தான். எவ்வளவு பேசினாலும் ஒரே மாலையில் இவர்களை எழுப்பிவிட முடியாது. கூலியோ நாளைக் காலைக்கு வேண்டும்.

"உசேன் பாய், சிலைடத் திருப்பிப் போடுங்க."

"முன்னாலேர்ந்து பாத்தா எழுத்து பொரண்டு வருமே சார்."

"முன்னால யாரு இருக்கா?"

மீரா உசேன் வெறும் தரையைப் பார்த்தார். கண்ணாடிச் சில்லை உருவிப் புறம் மாற்றிச் செருகினார்.

திரைக்குப் பின்னால் சலசலப்பு அடங்கியது. ஒரு சிறுமி எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். "அ… று… ப்பு… க் கூ… லி." இன்னொரு குரல் சேர்ந்தது. அறுத்த கலம் நெல்லுக்கு எத்தனை படி கூலி என்ற வரிக்கு வந்ததும் பெரியவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

மருதையன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் எழுதிக் கொடுத்த வாசகம்தான். அவனுக்கு ஒரு எழுத்தும் நேராகத் தெரியவில்லை.

"சார்," துணிக்கு அப்பாலிருந்து அம்சத்தின் குரல் வந்தது. சனத்தின் முன் அவள் அவனை அப்படித்தான் அழைத்தாள். "அந்தப் படிக் கணக்க மைக்குல இன்னொருக்கா சொல்லுங்க. மனசுல ஏத்திக்கறோம்."

அவன் மைக்கை எடுத்து, வெள்ளைத் துணியைப் பார்த்துச் சொன்னான். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மறுபடி சொன்னான்.

மறுநாள் அரிவாளை இடுப்பில் செருகியபடி வரப்பில் நின்று அந்தக் கூலியைக் கேட்டார்களாம்; தியாகராசன் ஒப்புக்கொள்ள உச்சிப்பொழுது ஆனதாம். மீரா உசேன் எங்கோ கேட்டு வந்து சொன்னார். அப்போது இருவரும் அடுத்த ஊரில் திரை கட்டி முடித்திருந்தார்கள். மருதையன் சிலைடைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் திரைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தான்.