மாப்பிள்ளை முகத்தில் ஒரு ஜன்னல்

கிளியனூர் பூமாலை காசநோய் குணமாகி வீட்டுக்குப் போனபோது, மாமியார் அவளுக்குத் தனித் தட்டு வைத்தாள். குணமானவளுக்கு எதற்குத் தனித் தட்டு? டாக்டர் சொல்லியும் அது மாறவில்லை. தட்டைத் தெருவில் விட்டெறிந்துவிட்டுக் கிளம்பியவள், திண்டிவனத்துக்கு வெளியே தான் படுத்திருந்த அதே காசநோய் வார்டில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். விடிந்ததும் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிடுவதுதான் அவளுடைய முதல் வேலை. காற்று வராத அறையில் மாத்திரை மட்டும் என்ன செய்துவிடும்?

பிறகு வார்டை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் வந்தது. ஒரு முகூர்த்த நாள் காலையில் அவள் ஜன்னலைத் திறந்தால் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. மாப்பிள்ளை படம் போட்ட பேனரை வார்டுச் சுவர் நீளத்துக்கு வெளியே கட்டியிருந்தார்கள்.

"ஒரு நாளுதானே, விடுங்கக்கா," என்றாள் நர்ஸ் கலைமதி. "சாப்புட வர்றவங்க நம்ம பேஷன்ட்டுங்களப் பாத்தா மொகம் சுளிப்பாங்களாம்."

"அதுக்காக உள்ள இருக்கறவங்க ஒரு நாளு மூச்ச அடக்கிக்கினு கெடக்கணுமா?"

காய் நறுக்கும் கத்தியை எடுத்துவந்து, ஜன்னலுக்கு ஜன்னல் பேனரைக் கிழித்தாள். மண்டப மேனேஜர் ஓடிவந்தார்.

"யாரக் கேட்டுக் கிழிச்ச? மாப்ள வூட்ல எனக்குப் பேஜாராயிடும்!"

அவர் ஒருமையில் பேசியதால் அவளும் ஒருமைக்கே இறங்கினாள். "எங்க காத்த நீ யாரக் கேட்டு மறைச்ச?"

கெட்டிமேளம் கொட்டியபோது, மாப்பிள்ளையின் சிரித்த வாய் இருந்த இடத்து ஓட்டையில், ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்தபடி, ஒரு வயதான நோயாளி ஆசை தீரக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.